களம் காணாத தாய்

இக்காலத்துச் சிறுவர்கள் கைப்பேசியில் விதவிதமான விளையாட்டுகள் ஆடுகிறார்கள். அவற்றுள் ஒரு வகையை வாசகர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே கண்டிருக்கக் கூடும். உலகில் எங்கும் இல்லாத விசித்திரப் பிராணிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். சிறிது நேரத்தில் ஒரு குட்டி பிறக்கும். தாயின் வேகமும் தந்தையின் பலமும் அதற்கு வாய்த்திருந்தால் வளர்த்துக் களத்தில் இறக்கலாம்; வாய்க்காவிட்டால் தள்ளிவிட்டு வேறு ஜோடி சேர்க்கலாம். களத்தில் வெல்வதைவிட, எந்த ஜோடியைச் சேர்ப்பது என்று யோசிப்பதிலேதான் இந்த ஆட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

இந்தச் சாமர்த்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் மெய்யான பிராணிகளைக் கொண்டு பல தலைமுறைகளாக இது நடந்து வருகிறது. ஆனால் அங்கே ஜோடி சேர்ந்த பிறகு கன்று பிறக்க ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிறந்த கன்று களம் காண இன்னும் மூன்று, நான்கு வருஷங்கள் செல்லும். அத்தனை காலமும் அது தினந்தோறும் வயிறு நிறைய மேய வேண்டும். அதன் தாயும் மேய வேண்டும். கைப்பேசி ஆட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இங்கே எழுகிறது: புல் எங்கே?

ஜல்லிக்கட்டைப் பற்றி நாட்டில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. இந்தக் கேள்வியைப் பற்றித்தான் போதிய அளவு பேசவில்லை.

நெல்லும் மாடும்

தேனி ஜில்லாவில், உத்தமபாளையம் தாலுகாவில், சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மார்க்கையன்கோட்டை என்னும் பேரூர். பள்ளத்தாக்கின் ஒரு புறம் ஏலமலைத் தொடர். மறு புறம் மேகமலை. நடுவே முல்லையாறு பாயும் சமவெளி. கர்னல் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் முல்லைப் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்த அணை 1895-ம் வருஷம் திறக்கப்பட்டது. அதன் பயனாகக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் பூமியாயிற்று. மார்க்கையன்கோட்டையின் வயல்களும் அந்த நீரை நம்பியவையே.

இவ்வளவு நெல் விளையும் இடத்தில் மாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். டிராக்டர் வருவதற்கு முன் உழவும், பரம்படிப்பும், போரடிப்பும், பாரம் இழுப்பதும் மாட்டின் வேலைகள். அவற்றுக்கெல்லாம் மேலாக எருவும் மாட்டினிடமிருந்தே வந்தது. அறுவடை முடிந்த வயலில் மாட்டு மந்தையை இரவில் அடைத்து வைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். சாணமும் கோமியமும் விழுந்த இடத்திலேயே மண்ணோடு சேரும். வயல்காரர் கிடைக்காரருக்குக் கூலி கொடுப்பார். மாடுகளுக்கு வயலில் தாளும் களையும் மேய்ச்சல். வயல் பசுமையாக இருக்கும் மாதங்களில் மந்தை மலையடிவாரத்துக்கும் காட்டுக்கும் போய்விடும். இப்படி வயலும் காடும் முறை வைத்துக்கொண்டு ஒரே மந்தையைக் காப்பாற்றி வந்தன.

அந்த மந்தை மாட்டுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் மலைமாடு என்று பெயரிட்டிருக்கிறார்கள். உருவத்தில் பெரிதல்ல, ஆனால் கட்டான உடல், கெட்டியான குளம்பு, எட்டு வைத்தால் நிற்காத கால். கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்கி மேயும் மாடு வேறு எப்படி இருக்கும்? பசு கறக்கும் பால் சொற்பம். அதையும் பெரும்பாலும் கன்றுக்கே விட்டுவிடுவார்கள். பால் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பிரயோஜனமற்ற மாடு. களத்துக்குக் காளை தேடுகிறவர்களுக்கோ இதுதான் பொக்கிஷம்.

கம்பத்தில் உள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவை இங்கே குறிப்பிட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் அங்கே திரண்டு வந்து பட்டத்துக் காளையை வணங்குவார்கள். தங்கள் வீட்டுப் பசு ஈன்ற கன்றைத் தொழுவுக்குக் காணிக்கையாக விடுபவர்களும் உண்டு. மந்தையைத் தெய்வத்தின் சொத்தாகக் கருதிய ஊர் இது.

கன்று தேர்ந்தெடுக்கும் கலை

நல்ல காளை வேண்டுமென்றால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்? அனுபவம் வாய்ந்தவர்கள் கன்றைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்ப்பார்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்ற பழமொழி மாட்டுக்கும் பொருந்தும். அந்நியர் நெருங்கினால் பசு தலையைத் தூக்கி நிற்கிறதா, ஒதுங்கி ஓடுகிறதா? கன்றைத் தொட்டால் பாய்கிறதா? மந்தையில் முன்னே போகிறதா, பின்னே போகிறதா? இவையெல்லாம் பரீட்சைக் கேள்விகள். மாட்டின் சுபாவம் ஓரளவு பரம்பரையாக வருகிறது என்று கால்நடை விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறகு கன்றின் லட்சணம். கொம்பு புறப்படும் வாகு, நெற்றி அகலம், கழுத்தின் கனம், திமில் எழும்பும் விதம், வாலின் நீளம், ரோமச் சுழிகள் இருக்கும் இடம் ஆகிய அனைத்தையும் பார்ப்பார்கள். மயிலை, செவலை, காரி என்று நிறத்தையும் கவனிப்பார்கள். சுழி சாஸ்திரத்தில் நம்பிக்கை இருப்பதும் இல்லாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தச் சாக்கிலாவது கன்றைத் தலை முதல் வால் வரை நிதானமாக நோக்கும் பழக்கம் உண்டாயிற்று என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாவது விஷயம் பொலிகாளை. ஐம்பது, அறுபது பசுக்களுக்கு ஒரு பொலிகாளை போதும் என்பது பொதுவான கணக்கு. எனவே மந்தையில் பிறக்கும் கன்றுகள் எல்லாவற்றிலும் பாதி இரத்தம் அந்த ஒரு காளையினுடையது. அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் ஒரு தலைமுறை முழுவதும் தவறிப் போகும். இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று வருஷத்துக்குள் அந்தக் காளையின் பெண் கன்றுகள் பருவம் எய்திவிடும். தகப்பனும் மகளும் இணைந்தால் வம்சம் சோர்ந்து போகும். ஆகையால் நல்ல காளையே ஆனாலும் உரிய காலத்தில் அதை வேறு மந்தைக்கு அனுப்பி, அங்கிருந்து புதிய காளையைக் கொண்டுவர வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். ஒரு மந்தை மட்டும் பிழைத்திருந்தால் போதாது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு மந்தை வேண்டும்; அதற்கு அப்பால் மற்றொன்று வேண்டும். மந்தைகள் குறையக் குறைய, மாற்றிக்கொள்ள வேறு இரத்தம் இல்லாமல் மிஞ்சியவையும் க்ஷீணித்துப் போகும்.

வளர்ப்பும் களமும்

தேர்ந்தெடுத்த கன்று மந்தையிலிருந்து ஒரு வீட்டுக்கு வருகிறது. அதன்பின் அது அந்த வீட்டுப் பிள்ளை. பருத்திக்கொட்டை ஆட்டிய பால், கடலைப் பிண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, கொள்ளு என்று வீட்டாரின் சாப்பாட்டை விட அதன் சாப்பாட்டுக்கு அதிகக் கவனம். குளத்தில் நீந்தவிட்டு மூச்சைப் பழக்குவார்கள். மண்மேட்டைக் கொம்பால் குத்தவிட்டுக் கழுத்தை உரமாக்குவார்கள். வீட்டுச் சிறு பெண் கயிற்றைப் பிடித்தால் சாதுவாக நடக்கும் காளை, வாடிவாசலில் அந்நியனைக் கண்டதும் வேறு பிராணியாக மாறிவிடும். இந்த இரட்டைச் சுபாவமே வளர்ப்பவரின் பெருமை.

சின்னமனூருக்கு அருகில் உள்ள அய்யம்பட்டியிலும், உத்தமபாளையம் தாலுகாவைச் சேர்ந்த பல்லவராயன்பட்டியிலும் நடைபெறும் ஜல்லிக்கட்டுகள் இந்தப் பக்கத்தில் பிரசித்தமானவை. முதலில் கோவில் காளை வெளியே வரும். அதை யாரும் தொடுவதில்லை. பிறகு ஒவ்வொன்றாக மற்றக் காளைகள். இப்போதுள்ள விதிகளின்படி மாடுபிடிப்பவர் திமிலை மட்டுமே தழுவலாம். 15 மீட்டர் தூரம், அல்லது 30 விநாடி, அல்லது காளை மூன்று முறை துள்ளும் வரை பிடித்திருந்தால் அவருக்கு வெற்றி. வாலையோ கொம்பையோ காலையோ பிடித்தால் குற்றம். ஐந்து வருஷப் பாடு அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது!

திமிலைத் தழுவுவதே விதி என்னும்போது, திமில் இல்லாத சீமை மாட்டுக்கு இந்தக் களத்தில் இடமேது? நாட்டு இனக் காளைகளை மட்டுமே ஜல்லிக்கட்டில் அனுமதிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-ம் வருஷம் செப்டம்பரில் உத்தரவிட்டது.

அந்நிய நாட்டிலும் களத்துக்கென்றே மாடு வளர்ப்பவர்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் பரந்த மேய்ச்சல் நிலங்களில் காளைகளைச் சுதந்தரமாக வளர்த்து, பிறகு களத்தில் வாளால் குத்திக் கொல்லுகிறார்கள். மிகச் சிறந்த தைரியம் காட்டிய காளைக்கு அபூர்வமாகச் சில சமயம் உயிர்ப்பிச்சை கிடைக்கும். மற்றவை களத்திலேயே மடிகின்றன. ஆகவே வம்சத்தை விருத்தி செய்ய அவர்கள் இளம் பசுக்களைத் தனியே ஒரு சிறு களத்தில் விட்டுத் தைரியத்தைச் சோதிக்கிறார்கள். தேறிய பசுக்களையே தாயாக வைத்துக்கொள்கிறார்கள். காளைக்கு வீரம் தாய்வழி வருவது என்று அங்கேயும் நம்பிக்கை.

நம் காளையோ களத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறது. களத்தில் தன் குணத்தை நிரூபித்த காளையே மந்தைக்குத் தகப்பனாகவும் ஆகலாம். வம்ச விருத்திக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தத் தகப்பனைத் திருப்பி அனுப்ப மந்தை இருக்க வேண்டும் அல்லவா?

சட்டத்தின் கதை

ஏறு தழுவுதல் பழைமையான வழக்கம் என்பதற்குக் கலித்தொகையின் முல்லைக்கலியே சாட்சி. ஆயர் குலத்துப் பெண்ணை மணக்க விரும்பியவன் அவள் வீட்டார் வளர்த்த காளையைத் தழுவ வேண்டியிருந்தது. களத்தில் நின்ற காளை மந்தை வைத்திருந்தவர்களின் காளை. காளையும் மந்தையும் அக்காலத்தில் பிரிந்திருக்கவில்லை.

நம் காலத்தில் இந்த விளையாட்டு பல வருஷங்கள் நீதிமன்றங்களில் நின்றது. 2006-ம் வருஷம் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2009-ம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011-ல் மத்திய சர்க்கார், காட்சிக்குப் பழக்கக் கூடாத மிருகங்களின் ஜாபிதாவில் காளையையும் சேர்த்தது. 2014-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ம் வருஷம் ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாடெங்கும் வாலிபர்களும் பெண்களும் லக்ஷக்கணக்கில் திரண்டார்கள். அம்மாதமே சட்டம் திருத்தப்பட்டது. 2023-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி, ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இவ்விளையாட்டில் ஆண்டுதோறும் மனிதர்களும் மாடுகளும் உயிரிழப்பது உண்டு. அதைக் கண்டு வருந்தி எதிர்த்தவர்களை எள்ளி நகையாடுவது தகாது. விதிகள் கடுமையானதற்கும், கால்நடை வைத்தியரின் பரீட்சை கட்டாயமானதற்கும் அவர்களுடைய வழக்குகளே காரணம்.

ஆனால் திருத்தச் சட்டம் எதற்காக இயற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் கலாசாரப் பெருமையைப் பாதுகாப்பதும், நாட்டுக் காளை இனங்கள் அழியாமல் நலமாக வாழச் செய்வதுமே அதன் நோக்கம். மிக நல்ல நோக்கம். காளைக்குத் தாய் உண்டு என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். களத்தின் சட்டம் நிலைத்துவிட்டது. தாயின் நிலைமை என்ன?

குறைந்து வரும் மந்தை

உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் வந்தன. இரசாயன உரம் வந்த பிறகு கிடைக்குக் கிராக்கி குறைந்தது. பாலுக்காக ஜெர்ஸி முதலிய சீமைக் காளைகளின் வித்தைக் கொண்டு செயற்கைக் கருவூட்டல் ஊர்தோறும் பரவியது. ஏழைக் குடும்பங்களுக்கு அதனால் வருமானம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதன் பலன் மறுபுறமும் தெரிகிறது. 2019-ம் வருஷக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லக்ஷம் மாடுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி கலப்பின மாடுகளே. நாட்டு மாடுகள் சிறுபான்மையாகிவிட்டன.

நாட்டு மந்தையில் பிறக்கும் ஆண் கன்றுகளில் களத்துக்குத் தேறுவது வெகு சில. அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும். முன்பு மற்றவை ஏருக்கும் வண்டிக்கும் போயின. ஏரும் வண்டியும் போன பின் அவை இறைச்சிச் சந்தைக்குப் போகின்றன. பசு மாட்டை வைத்திருப்பவருக்கோ பால் வருமானமும் இல்லை, பரிசும் இல்லை, மாலை மரியாதையும் இல்லை. களத்தில் வெற்றி பெற்ற காளையின் சொந்தக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுகிறார்கள். அந்தக் காளையைப் பெற்ற பசு எந்தக் கிடையில் நிற்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

காடும் மாடும்

இவ்வளவுக்கும் மேலாக இப்போது மேய்ச்சலே கேள்வியாக நிற்கிறது. 2021-ம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்கள் முழுவதிலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. சில தினங்களில் அதே நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தி, புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே தடை என்று வரையறுத்தது.

வனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேகமலையும் வருசநாட்டு மலைகளும் வைகைக்கு நீர் தரும் தாய்மடி. அளவு மீறி மேய்ந்தால் இளஞ்செடி தழைக்காது. சரிவின் மண் அரிபடும். மாட்டின் நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றக் கூடும். ஆறு வற்றினால் மாட்டுக்கும் தண்ணீர் இல்லை, மனிதனுக்கும் இல்லை.

கிடைக்காரரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு என்பதை 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. காட்டை விட்டால் ஊர்ப் புறத்தில் மேய்ச்சல் தரை இருக்கிறதா என்று பார்த்தால், மேய்க்கால் புறம்போக்குகள் பலவற்றில் கட்டடங்கள் எழும்பிவிட்டன. இருபோக நெல்லும், திராட்சையும், வாழையும், தென்னையும் மூடிய பள்ளத்தாக்கில் மந்தைக்குக் கால் வைக்க இடமில்லை. மலையேறாத மாட்டை மலைமாடு என்று எத்தனை நாள் சொல்லுவது?

ஒவ்வொரு மாட்டினமும் ஒரு குறிப்பிட்ட மேய்ச்சலின் குழந்தை. கொங்கு நாட்டுக் காங்கேயம் மாட்டைக் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டுப் புல்வெளிகள் உண்டாக்கின. பழையகோட்டைப் பட்டக்காரர் போன்றவர்கள் சிறந்த பசுக்களைச் சேர்த்து வைத்துப் பேணியதால் அவ்வினத்தின் புகழ் ஓங்கியது. ஈரோட்டுக்கு வடமேற்கே பர்கூர் மலைக்காடு பர்கூர் மாட்டை உண்டாக்கிற்று. சிவகங்கைச் சீமையின் வறண்ட வெளிகளில் அலைந்த கிடைகள் புலிகுளம் மாட்டை உண்டாக்கின. ஜல்லிக்கட்டு மாடு என்றே ஆங்கிலேயர் காலத்துக் கால்நடை அதிகாரிகள் எழுதிவைத்த இனம் அது. புலிகுளத்துக்கு இன்று தேசிய அளவில் பதிவும் அங்கீகாரமும் உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறுவது நல்லதே. பெயர் புல் ஆகாது.

செய்ய வேண்டியவை

புலியையும் மாட்டையும் எதிரிகளாக நிறுத்தி வழக்காடுவதால் இரண்டுக்கும் நன்மையில்லை. காப்பகத்துக்கு வெளியே உள்ள அடிவாரக் காடுகளில், மாட்டின் எண்ணிக்கையையும் மாதத்தையும் வரையறுத்து, கிடைக்காரருக்கு முறையான அனுமதிச் சீட்டு வழங்கலாம். மேய்க்கால் புறம்போக்கு என்று கணக்கில் மட்டும் உள்ள நிலங்களை மீட்டு ஊர்ப் பஞ்சாயத்துகள் புல் வளர்க்கலாம். இரசாயன உரத்தினால் மண் சோர்ந்துவிட்டது என்று உழவர்கள் உணரத் தொடங்கியிருக்கும் இந்நாளில், இரண்டாம் போகம் அறுத்த வயல்களில் கிடைக்கு மறுபடியும் கூலி பேசலாம். அந்தக் கூலியே மந்தைக்கு நிலையான வருமானம்.

ஜல்லிக்கட்டு விழாக்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காளைக்கும் வீரருக்கும் காரும் மோட்டார் சைக்கிளும் பரிசளிக்கிறார்கள். அந்தச் செலவில் சிறு பங்கை ஒதுக்கி, வெற்றி பெற்ற காளை பிறந்த கிடைக்கு ஒரு பரிசு கொடுத்தால் என்ன? அப்பொழுது காளையின் தாய் எது, தகப்பன் எது, எந்தக் கிடையில் பிறந்தது என்று எழுதிவைக்க வேண்டி வரும். இத்தனை காலமாகக் கிடைக்காரர்களின் மனத்தில் மட்டும் இருந்த வம்சாவளி காகிதத்தில் ஏறும். எந்த மந்தையிலிருந்து பொலிகாளையை மாற்றிக்கொள்வது என்பதற்கும் அதுவே வழிகாட்டும்.

அடுத்த தை, மாசியில் பள்ளத்தாக்கின் வாடிவாசல்கள் திறக்கும். கூட்டம் ஆரவாரிக்கும். திமிலைச் சிலிர்த்துக்கொண்டு காளைகள் பாய்ந்து வரும். அதே வேளையில் மலையடிவாரத்தில் எங்கோ ஒரு மெலிந்த பசு, வேலியிட்ட காட்டுக்கும் விளைந்த வயலுக்கும் நடுவே, அன்றைய மேய்ச்சலைத் தேடிக்கொண்டிருக்கும். இன்னும் ஐந்து வருஷங்களுக்குப் பிறகு வாடிவாசலைத் திறந்தால் உள்ளே காளை இருக்குமா என்பது அந்தப் பசுவுக்கு இன்று புல் கிடைப்பதைப் பொறுத்தது.